மூன்று தொடுதல், ஒரு கோல்: 1949-50 அமெரிக்கன் சாக்கர் லீக்

கேள்வி இதுதான்: 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்த அமெரிக்க அணியில் பாத்திரம் கழுவுகிறவர், தபால்காரர், சவ ஊர்தி ஓட்டுகிறவர் எல்லாம் இருந்ததாகச் சொல்கிறார்களே, இவர்கள் ஒழுங்காகக் கால்பந்து ஆடியே பழக்கமில்லாதவர்களா? அப்போது அமெரிக்காவில் லீக் என்று ஒன்று இருந்ததா?

இருந்தது. அமெரிக்கன் சாக்கர் லீக் என்று பெயர். நியூயார்க், நியூ ஜெர்சி, ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில் 1933 முதல் நடந்துவந்த அரைத் தொழில்முறை லீக். இங்கிலாந்துக்கு எதிராக இறங்கிய 11 பேரில் 4 பேர்தான் அந்த லீக்கைச் சேர்ந்தவர்கள், உண்மை. ஆனால் அந்த ஒரே கோலை எடுத்துப் பாருங்கள். முதல் பாதி முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கிறது. எட் மெக்கில்வெனி த்ரோ-இன் போடுகிறார். பந்து வால்டர் பாரிடம் வருகிறது. அவர் ஏறக்குறைய 25 கஜத்திலிருந்து அடிக்கிறார். இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் பந்தைப் பிடிக்கத் தன் வலப்பக்கம் நகர்ந்துவிட்டார். நடுவில் ஜோ கேட்ஜென்ஸ் பாய்ந்து தலையைக் கொடுக்கிறார், பந்து திசை மாறி மறுபக்கம் வலைக்குள் போகிறது. எறிந்தவரும் அடித்தவரும் ஃபிலடெல்ஃபியா நேஷனல்ஸ் அணிக்காரர்கள். முட்டியவர் நியூயார்க்கின் புரூக்ஹாட்டன் அணிக்காரர். மூன்று தொடுதலும் அந்த லீக்கின் 1949-50 சீசனில் ஆடிவிட்டு வந்தவர்களுடையவை. அதனால் இந்தக் கதையை பிரேசிலில் தொடங்காமல் அந்த சீசனில் தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

முதலில் லீக்கைப் பற்றிக் கொஞ்சம். இதே பெயரில் இதற்கு முன்பு ஒரு லீக் 1921-ல் தொடங்கியது. அது பணக்கார லீக். பெத்லஹேம் ஸ்டீல் போன்ற ஆலை அணிகள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தன. ஸ்காட்லாந்து கிளப்புகள் அலறும் அளவுக்கு நிலைமை போனது. 1928-ல் லீக்குக்கும் தேசியக் கால்பந்துச் சங்கத்துக்கும் சண்டை மூண்டது, அடுத்த ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது. ஆலைகள் கையை விரித்தன. 1933-ல் அந்த லீக் செத்தது. அதே பெயரைச் சூட்டிக்கொண்டு அதே ஆண்டு சின்ன அளவில், பெரிய முதலாளி யாரும் இல்லாமல் எழுந்ததுதான் நாம் பேசும் லீக்.

இதில் கிளப் என்றால் பெரும்பாலும் குடியேறிகளின் சங்கம். பெயர்களைப் பார்த்தாலே தெரியும். நியூ ஜெர்சியில் கியர்னி என்ற ஊர். ஸ்காட்லாந்தின் நூல் ஆலைக்காரர்களும் லினோலியம் தொழிற்சாலைக்காரர்களும் அங்கே கிளை போட்டபோது தொழிலாளிகளும் கூடவே வந்தார்கள், கால்பந்தும் வந்தது. அங்கிருந்து வந்த கியர்னி ஸ்காட்ஸ் 1937 முதல் 1941 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியன். புரூக்ளின் ஹிஸ்பானோ ஸ்பானியர்களுடையது. நாடு முழுவதுமுள்ள அணிகள் மோதும் தேசிய சேலஞ்ச் கோப்பையை 1943, 1944 இரண்டு ஆண்டும் வென்றது. ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்மன்-அமெரிக்கன்ஸ் என்று ஒரு கிளப் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ‘ஜெர்மன்’ கழன்றுவிட்டது, வெறும் ஃபிலடெல்ஃபியா அமெரிக்கன்ஸ் ஆனது. பின்னால் 1950-களில் ஒரு லாரி கம்பெனிக்காரர் அதை வாங்க, யூரிக் டிரக்கர்ஸ் என்று மறுபடி பெயர் மாறியது. புரூக்ஹாட்டன் என்பது புரூக்ளினையும் மன்ஹாட்டனையும் ஒட்டவைத்த பெயர். 1945-ல் லீக், லீக் அணிகளுக்கான லூயிஸ் கோப்பை, தேசிய சேலஞ்ச் கோப்பை மூன்றையும் அந்த அணி அள்ளியது.

அரைத் தொழில்முறை என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘பாதித் திறமை’ என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு உண்டு. ஆனால் அந்தக் காசில் குடும்பம் நடத்த முடியாது, ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை வேறு வேலை. கேட்ஜென்ஸுக்கு ஒரு ஆட்டத்துக்கு 25 டாலர் கிடைத்ததாகச் சொல்வார்கள். பார் பள்ளி ஆசிரியர். ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி, பனியில் தடுக்கி விழுந்து, வசந்தத்தில் முடியும். கோப்பை ஆட்டங்கள், வெளிநாட்டு அணிகளின் வருகை, மழை, பனி எல்லாம் சேர்ந்து அட்டவணையைக் கலைத்துப்போடும். எல்லா அணிகளும் சம எண்ணிக்கையில் ஆட்டங்களை முடித்தாக வேண்டும் என்ற கண்டிப்பும் பல சீசன்களில் இருந்ததில்லை. இன்றைய பிரீமியர் லீக் பட்டியலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் காலப் புள்ளிப் பட்டியல் விசித்திரமாக இருக்கும்.

கூட்டமும் பெரிதாக வராது. கூட்டம் வேண்டுமென்றால் வெளிநாட்டு அணியைக் கூப்பிட வேண்டும். 1946-ல் லிவர்பூல் வந்தது. போருக்குப் பிந்தைய ரேஷன் காலத்து இங்கிலாந்திலிருந்து தப்பி, அமெரிக்காவில் வயிறார இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் அடுத்த சீசனில் இங்கிலாந்து சாம்பியன் ஆனார்கள். 1948-ல் மறுபடி வந்தார்கள். 1950 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் வந்தது. உள்ளூர்க் கிளப்புகளின் கஜானா நிரம்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

இனி அந்த சீசன். 1949 செப்டம்பரில், அதாவது சீசன் தொடங்கும் நேரத்தில், அமெரிக்க அணி மெக்சிகோ நகரத்துக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் போனது. மெக்சிகோவிடம் 6-0, பிறகு 6-2 என்று அடி வாங்கியது. கியூபாவுடன் ஒரு சமன் (1-1), ஒரு வெற்றி (5-2). மூன்று நாடுகளில் இரண்டுக்கு இடம் என்பதால் அமெரிக்கா உள்ளே வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியிடம் 9-0, அதைத் தொடர்ந்து நார்வேயிடம் 11-0. ஆக, பிரேசிலுக்கு இதே அணியை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும் என்று தேர்வாளர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. புதிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1949-50 சீசன் அந்த ஆட்களைக் கொடுத்தது: கேட்ஜென்ஸ், மெக்கில்வெனி, ஜோ மாகா. மூவருமே அதுவரை அமெரிக்காவுக்காக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியதில்லை. மூவரும் மொத்தமாக ஆடியதே மூன்று மூன்று ஆட்டங்கள்தான், மூன்றும் அந்த உலகக் கோப்பையில்.

அந்த சீசனின் சாம்பியன் ஃபிலடெல்ஃபியா நேஷனல்ஸ். 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற அணி அது. 1953-ல் நான்காவது முறையும் வென்றது. 1949-க்கு முந்தைய இரண்டு சீசன்களை வென்றது அதே நகரத்தின் ஃபிலடெல்ஃபியா அமெரிக்கன்ஸ். 1952-ம் அவர்களுக்கே. அதாவது 1947 முதல் 1953 வரை ஏழு ஆண்டுகள் பட்டம் ஃபிலடெல்ஃபியாவை விட்டு வெளியே போகவே இல்லை. இதற்கு ஒரு காரணம் கென்சிங்டன். துணி ஆலைகள் நெருக்கியடித்த அந்தப் பகுதியில் லைட்ஹவுஸ் பாய்ஸ் கிளப் என்று சிறுவர்களுக்கான ஒரு சங்கம் இருந்தது. பார் அங்கே வளர்ந்தவர். அவரோடு 1948 ஒலிம்பிக் அணியில் இருந்த பென்னி மெக்லாஃப்லினும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்தான். நியூயார்க் கிளப்புகள் கப்பலில் வந்து இறங்குகிற ஆட்களை நம்பி இருந்த காலத்தில், ஃபிலடெல்ஃபியா தெருவிலேயே ஆட்டக்காரர்களை வளர்த்தது. 1924-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவதை வடிகட்டிவிட்ட பிறகு எந்த முறை நின்று பிடிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மெக்லாஃப்லின் பிரேசிலுக்குப் போகவில்லை. வேலையிலிருந்து விடுப்பு கிடைக்கவில்லை. அரைத் தொழில்முறை ஆட்டத்தின் உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன்; சம்பளம் குறைவு என்பதைவிட இது பெரிய விஷயம். உலகக் கோப்பைக்குப் போகும் அணியில் யார் இருக்க வேண்டும் என்பதில் பயிற்சியாளருக்கு மட்டுமல்ல, ஆலை மேற்பார்வையாளருக்கும் கடை முதலாளிக்கும்கூட ஒரு ஓட்டு இருந்தது.

சரி, கேட்ஜென்ஸ். ‘பாத்திரம் கழுவுகிறவர்’ என்று எல்லா இடத்திலும் எழுதப்படுபவர் இவர்தான். அதில் பாதி உண்மை. 1924-ல் ஹெய்த்தியின் போர்த்-ஓ-பிரான்ஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அங்கே எத்துவால் ஹெய்த்தியேன் கிளப்புக்காக ஆடி தேசியப் பட்டங்கள் வென்றவர். 1947-ல் அரசு உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க நியூயார்க் வந்தார். கைச்செலவுக்கு ஹார்லெமில் ஒரு உணவகத்தில் வேலை. அந்த உணவகத்தின் முதலாளிதான் புரூக்ஹாட்டன் அணிக்கும் முதலாளி. அப்புறம் என்ன, வாரநாளில் சமையலறை, ஞாயிற்றுக்கிழமை ஃபார்வர்டு. 1949-50 சீசனில் 15 ஆட்டங்களில் 18 கோல் அடித்து லீக்கின் அதிக கோல் அடித்தவர் ஆனார். மூன்று சீசன்களில் மொத்தம் 64 ஆட்டங்களில் 42 கோல். இவரை ‘எங்கிருந்தோ வந்த ஆள்’ என்று எழுதுவது, ஒரு லீக்கின் முதல் கோல் வேட்டைக்காரரைப் பார்த்து யாரப்பா நீ என்று கேட்பதற்குச் சமம்.

மெக்கில்வெனி ஸ்காட்லாந்தின் கிரீனாக்கைச் சேர்ந்தவர். ரெக்ஸாம் அணிக்காக இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் பிரிவில் சில ஆட்டங்கள். 1949-ல் அமெரிக்கா வந்து ஃபிலடெல்ஃபியா நேஷனல்ஸில் சேர்ந்தார், ஒரே சீசனில் சாம்பியன் பட்டம், சீசன் முடிந்ததும் உலகக் கோப்பை, அந்த ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட். ஒரு வருடத்துக்குள் ஒரு மனிதனின் வாழ்க்கை இவ்வளவு வேகமாக ஏறுவது அபூர்வம். யுனைடெட்டில் லீக் ஆட்டம் இரண்டுதான் கிடைத்தது, பிறகு அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்குப் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மாகா பெல்ஜியத்திலிருந்து போருக்குப் பிறகு வந்த தடுப்பாட்டக்காரர், புரூக்ளின் ஹிஸ்பானோவில் இருந்தார்.

இந்த மூவரும் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை. குடியுரிமை பெறும் எண்ணம் உண்டு என்று அறிவித்தால் போதும் என்பது அன்றைய அமெரிக்கச் சங்கத்தின் விதி. பிற்பாடு புகார் எழுந்து ஃபிஃபா விசாரித்தது, 1950 டிசம்பரில் தவறேதும் இல்லை என்று முடித்துவிட்டது. மாகா பின்னால் குடியுரிமை வாங்கினார். கேட்ஜென்ஸ் வாங்கவே இல்லை. 1953-ல் ஹெய்த்திக்காகவே ஆடினார். இன்றைய விதியில் இது நடக்காது. அதற்காக வெற்றியைத் திருட்டு வெற்றி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்றைய விதிக்குள் ஆடினார்கள், அவ்வளவுதான்.

லீக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும். பெயரில் ‘அமெரிக்கன்’ இருந்தாலும் அது வடகிழக்குக் கடற்கரையின் ஒரு துண்டு மட்டுமே. அன்று அமெரிக்கக் கால்பந்தின் இன்னொரு தலைநகர் செயின்ட் லூயிஸ். அங்கிருந்து ஐந்து பேர் அணியில் இருந்தார்கள்: ஃபிராங்க் போர்கி, ஹாரி கியோ, சார்லி கொலம்போ, ஜினோ பாரியானி, ஃபிராங்க் வாலஸ். ஃபால் ரிவர் என்ற மசாசூசெட்ஸ் ஆலை நகரத்தின் போர்ச்சுகீசியக் கிளப்பான போண்டா டெல்காடாவிலிருந்து எட் சூசா, ஜான் சூசா. இருவரும் உறவினர் அல்ல. 1950 தேசிய சேலஞ்ச் கோப்பை இறுதியில் மோதியவை இதே செயின்ட் லூயிஸின் சிம்ப்கின்ஸ்-ஃபோர்டும் போண்டா டெல்காடாவும்தான். இரண்டு ஆட்டங்களாக நடந்த இறுதியை சிம்ப்கின்ஸ் 2-0, 1-1 என்று வென்றது. லீக் அணி ஒன்றுகூட இறுதியில் இல்லை. ஆக, எங்கள் லீக்தான் நாட்டிலேயே சிறந்தது என்று ஃபிலடெல்ஃபியாக்காரர் மார்தட்டியிருந்தால் அந்த ஆண்டு யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நியூயார்க்கிலேயே ஜெர்மன்-அமெரிக்க லீக் என்று ஒரு போட்டி லீக் இருந்தது. அடுத்த ஆண்டு 1951-ல் கோப்பையை வென்ற ஜெர்மன்-ஹங்கேரியன் அணி அங்கிருந்து வந்ததே.

செயின்ட் லூயிஸ் ஆட்களில்தான் அந்தப் புகழ்பெற்ற தொழில் பட்டியல் இருக்கிறது. கியோ தபால்காரர். கோல்கீப்பர் போர்கி தன் உறவினரின் இறுதிச் சடங்கு நிறுவனத்தில் சவ ஊர்தி ஓட்டியவர், போரில் மருத்துவப் பிரிவில் இருந்தவர், பேஸ்பால் ஆடியவர். காலால் பந்தை அடிக்க வராது என்று கோல் கிக்கை வேறு ஆளிடம் விட்டுவிட்டுக் கையால் நெடுந்தூரம் எறிவார். வாலஸ் ஓராண்டுக்கும் மேலாக ஜெர்மானியரிடம் போர்க் கைதியாக இருந்தவர்.

இந்த மூன்று ஊர்க்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி செய்த நேரம் மிகக் குறைவு. பயிற்சியாளர் பில் ஜெஃப்ரி பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியை நடத்தியவர், கடைசி நேரத்தில் பொறுப்பேற்றார். புறப்படும் முன் நியூயார்க்கில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் அணி ஒன்றுடன் ஆடி 1-0 என்று தோற்றார்கள். இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது: பத்துக் கோல் வாங்கும் அணி அல்ல இது என்பதற்கு அப்போதே அடையாளம் இருந்தது. பிரேசிலில் முதல் ஆட்டம் ஜூன் 25, குரிடிபாவில் ஸ்பெயினுடன். பாரியானி அடித்த கோலில் ஏறக்குறைய 80 நிமிடம் வரை அமெரிக்கா முன்னிலையில் இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஸ்பெயின் மூன்று கோல் போட்டது.

நான்கு நாள் கழித்து, ஜூன் 29, பெலோ ஹொரிசாண்டே. இங்கிலாந்து அணியில் பில்லி ரைட், டாம் ஃபின்னி, மார்டென்சன், மானியன், பின்னால் 1966 உலகக் கோப்பையை வென்று கொடுத்த பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே. ஸ்டான்லி மேத்யூஸுக்கு ஓய்வு கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் அன்று கேப்டன் மெக்கில்வெனி. வழக்கமான கேப்டன் பார்தான், ஆனால் பிரிட்டிஷ்காரருக்கு எதிராக பிரிட்டனில் பிறந்தவர் தலைமை தாங்கட்டும் என்று ஜெஃப்ரி மாற்றினார். தொடக்கத்தில் இங்கிலாந்து அடித்த பந்துகள் கம்பத்தில் பட்டன, மேலே போயின, போர்கி கையில் சிக்கின. பிறகு அந்தக் கோல். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஒரு தருணம்: மார்டென்சன் தனியாகப் பாய்கிறார், கொலம்போ பின்னாலிருந்து ஆளையே கட்டிச் சாய்க்கிறார். ஃப்ரீ கிக். ராம்சே தூக்கிக் கொடுக்க முல்லன் தலையால் முட்டுகிறார், போர்கி தட்டிவிடுகிறார். கோட்டைத் தாண்டிவிட்டது என்று இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கத்தினார்கள். நடுவர் கொடுக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து அந்த உலகக் கோப்பைக்குப் போன நிருபர் ஒரே ஒருவர், செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்சின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். அவரும் விடுப்பு போட்டு, சொந்தக் காசில் போனவர். 1-0 என்ற தந்தியைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்து இங்கிலாந்துப் பத்திரிகைகள் 10-1 என்று திருத்திப் போட்டதாக ஒரு கதை உண்டு. அப்படி அச்சான பத்திரிகையை யாரும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. இதே உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்குக் காரணம் வெறுங்காலில் ஆட விடாததுதான் என்று சொல்வார்களே, அந்த ரகக் கதை.

மூன்றாவது ஆட்டத்தில் ரெசிஃபேயில் சிலியிடம் 5-2 என்று தோற்று அமெரிக்கா வெளியேறியது. வீடு திரும்பியவர்களை வரவேற்கக் கூட்டம் ஏதும் இல்லை. அடுத்த சீசன் வழக்கம்போல் தொடங்கியது, நேஷனல்ஸ் வழக்கம்போல் வென்றது. கேட்ஜென்ஸ் பிரான்ஸில் ராசிங் கிளப் பாரிஸுக்கு ஆடப் போனார், பிறகு ஹெய்த்தி திரும்பினார். அவர் குடும்பத்தில் சிலர் ஹெய்த்தியின் சர்வாதிகாரி துவாலியேவை எதிர்த்தவர்கள். 1964 ஜூலை 8 அன்று துவாலியேவின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதன்பின் உயிரோடு வெளியே வரவில்லை. பார் வெகுகாலம் ஆடிவிட்டுப் பயிற்சியாளராகி, பென் ஸ்டேட்டில் ஜெஃப்ரி வகித்த அதே பதவிக்கு 1974-ல் வந்தார். அவருடைய மகன்கள் கிறிஸும் மேட்டும் அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை உதைப்பவர்களாகி அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றவர்கள். அமெரிக்காவில் பெரும்பாலானோருக்கு ‘பார்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான். இங்கிலாந்தை வென்ற பதினொருவரில் கடைசியாக இருந்தவர் பார், 2018-ல் இறந்தார்.

லீக் 1983 வரை நடந்தது. 1970-களில் நாடு முழுக்க விரிந்து பார்த்தது, கூடைப்பந்து நட்சத்திரம் பாப் கூஸியைக்கூட ஆணையராக வைத்துப் பார்த்தது, பயனில்லை. நீங்கள் இதைப் பற்றி மேலே தேடப்போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கன் சாக்கர் லீக் என்ற பெயரில் குறைந்தது மூன்று லீக்குகள் உண்டு. 1921-ல் தொடங்கியது ஒன்று, 1933-ல் தொடங்கிய இது ஒன்று, 1988-ல் தொடங்கி இரண்டு சீசன் மட்டும் நடந்து இன்னொரு லீக்கோடு சேர்ந்துவிட்டது ஒன்று. ஆண்டைச் சேர்த்துத் தேடாவிட்டால் ஆலை முதலாளிகள் காலத்து ஆட்டக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களும் ஒரே பட்டியலில் கலந்து வந்து நிற்பார்கள்.